நாற்காலி ஒன்று, உட்கார்ந்தவர்கள் பலர்: ‘லா அண்ட் ஆர்டர்’ ஆள்மாற்றங்கள்

கேள்வி, ஜனவரி 4

டிடெக்டிவ் லென்னி ப்ரிஸ்கோவாக நடித்த ஜெர்ரி ஓர்பாக் போன பிறகு அமெரிக்கக் குற்றத்தொடர் ‘லா அண்ட் ஆர்டர்’ பார்க்கவே முடியவில்லை. குற்றத்தொடரில் பழகிய முகத்தை மாற்றினால் அத்தோடு கதை முடிந்தது. லென்னி ப்ரிஸ்கோ இல்லாத சீசன்களை எதற்காகப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு

ஓர்பாக்கே அந்த மூத்த டிடெக்டிவ் நாற்காலியில் மூன்றாவது ஆள்.

1990 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி சேனலில் தொடர் ஆரம்பித்தபோது மூத்த டிடெக்டிவ் மேக்ஸ் கிரீவி. நடித்தவர் ஜார்ஜ் ஜூண்ட்ஸா. ஒரே சீசன்தான். இரண்டாவது சீசன் தொடக்கத்திலேயே கிரீவியை அவர் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அடுத்து ஃபில் செரெட்டாவாக பால் சொர்வினோ வந்தார். மூன்றாவது சீசன் பாதி தாண்டுவதற்குள் அவரும் குண்டடி பட்டு, உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். ப்ரிஸ்கோ வந்தது 1992இல். இரண்டு வருடத்தில் மூன்று பேர். இந்தக் காலத்தில் நடந்திருந்தால் ‘தொடர் காலி’ என்று எழுதி மாலை போட்டிருப்பார்கள்.

1990இல் பெயர்ப் பட்டியலில் இருந்த ஆறு பேரில் ஒருவர்கூட 2010இல் இல்லை. தொடர் மட்டும் 20 சீசன், 456 எபிசோட் ஓடி, பழைய கௌபாய் தொடர் ‘கன்ஸ்மோக்’ வைத்திருந்த 20 சீசன் சாதனையைச் சமன் செய்துவிட்டுத்தான் நின்றது.

ஜனவரி 5

இத்தனை பேரை மாற்றியும் எப்படித் தாக்குப் பிடித்தது என்று கேட்டிருக்கிறீர்கள். தொடரின் அமைப்பே அப்படி. முதல் பாதி போலீஸ், இரண்டாம் பாதி நீதிமன்றம். விளம்பரம் போக முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் பிணம் கிடைத்து, ஆளைப் பிடித்து, விசாரணை நடந்து, தீர்ப்பு வர வேண்டும். யாருடைய வீட்டுக்கும் போக நேரமில்லை.

நாற்காலி ஆறு: மூத்த டிடெக்டிவ், இளைய டிடெக்டிவ், அவர்களுக்கு மேலே கேப்டன் அல்லது லெஃப்டினன்ட், முதன்மை உதவி வழக்கறிஞர், அவருக்குப் பக்கத்தில் உட்காரும் இளையவர், எல்லோருக்கும் மேலே மாவட்ட வழக்கறிஞர். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வேலை. மூத்தவருக்கு நகரம் அத்துப்படி, யார் எப்படிப் பொய் சொல்வார்கள் என்று தெரியும். இளையவர் ஓடுவார், கோபப்படுவார். லெஃப்டினன்ட் ‘கையில் என்ன இருக்கிறது, அது கோர்ட்டில் நிற்குமா’ என்று கேட்பார். முதன்மை வழக்கறிஞர் எதிரியைக் கூண்டில் ஏற்றிக் குடைவார். பக்கத்தில் இருப்பவர் ‘இது நியாயமா’ என்பார். மேலதிகாரி பேரம் பேசி முடித்துவிடச் சொல்வார். ஸ்டீவன் ஹில் நடித்த ஆடம் ஷிஃப் பத்து சீசன் இதை மட்டுமே செய்தார். கோட்டை மாட்டிக்கொண்டே அரை வரியில் ஒரு அலுப்பு, அவ்வளவுதான் நடிப்பு. அது போதுமானதாக இருந்தது.

தொடக்கக் காட்சியை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். வழியில் போகிற யாரோ இருவர் சம்பந்தமில்லாமல் எதையோ பேசிக்கொண்டு வருவார்கள். பிணத்தைப் பார்ப்பார்கள். காட்சி மாறினால் இரண்டு டிடெக்டிவ், சீருடைக் காவலர் ஒருவர் தகவலை ஒப்பிக்கிறார். மூத்தவர் குனிந்து பார்த்து ஒரே ஒரு வரி அடிக்கிறார், பெயர்கள் ஓட ஆரம்பிக்கின்றன. அந்த ஒரு வரிக்காகத்தான் ப்ரிஸ்கோவை எல்லோருக்கும் பிடித்தது. வரி எழுத்தாளருடையது, நாற்காலியுடையது. ஓர்பாக் அதை ஜோக்காகச் சொல்லமாட்டார், பிணத்தின் மேல் இரக்கம் இருப்பதை மறைக்கிற மாதிரி சொல்வார். அதுதான் அவருடைய பங்கு.

ஜனவரி 5, பிறகு

தொடரை முதலிலிருந்து பார்க்கப் போகிறவர்களுக்கு: ஆறாவதாக ஒளிபரப்பான எபிசோடில் மாவட்ட வழக்கறிஞர் திடீரென்று வேறு ஆளாக இருப்பார். குழம்ப வேண்டாம். அதுதான் 1988இல் சிபிஎஸ் என்ற போட்டிச் சேனலுக்காக எடுத்த சோதனை எபிசோட். சிபிஎஸ் வேண்டாம் என்றது, இரண்டு வருடம் கழித்து என்பிசி வாங்கி நடுவில் சொருகிவிட்டது. அதில் அந்த நாற்காலியில் ராய் தின்னஸ்.

ஜனவரி 7

‘நாற்காலிதான் முக்கியம் என்றால் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாமே?’

முடியாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு முட்டிக்கொள்கிற ஆள் வேண்டும். கிறிஸ் நோத் நடித்த மைக் லோகனை ஐந்தாவது சீசனோடு அனுப்பியதற்கு, தயாரிப்பாளர் டிக் வுல்ஃப் தரப்பில் சொன்ன காரணம் இதுதான்: லோகனும் ப்ரிஸ்கோவும் ஒரே மாதிரி யோசிக்கிறவர்களாக ஆகிவிட்டார்கள், யாருக்கு எந்த வசனம் என்று பிரித்து எழுதவே கஷ்டமாக இருக்கிறது. இரண்டு பேருமே நக்கல் பேர்வழிகள், இருவருக்கும் குடும்பம் சரியில்லை. காரில் போகும்போது ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டினால் காட்சியே இல்லை.

ஆகவே 1995இல் பெஞ்சமின் ப்ராட் நடித்த ரே கர்ட்டிஸ் வந்தார். கத்தோலிக்கர், பிள்ளைகுட்டிக்காரர், மரண தண்டனைக்கு ஆதரவு, கம்ப்யூட்டர் தெரிந்தவர். ப்ரிஸ்கோ இரண்டு விவாகரத்து, பழைய குடிகாரர். வந்த முதல் எபிசோடிலேயே உரசல். ‘இவன் ஒரு சாமியார்’ என்று பார்வையாளர்கள் கர்ட்டிஸைத் திட்டினார்கள். திட்டத்தான் வைத்தார்கள். ப்ரிஸ்கோவின் ஒற்றை வரிகள் மறுபடி கூராக இருந்தது கர்ட்டிஸ் முகம் சுளித்ததால்.

1999இல் எட் க்ரீனாக ஜெஸ்ஸி எல். மார்ட்டின் வந்தபோது வேறு வகை. க்ரீன் சூதாட்டத்திலிருந்து வெளியே வந்தவர், ப்ரிஸ்கோ குடியிலிருந்து. இரண்டு பேருக்கும் மற்றவரின் பலவீனம் புரியும், ஆனால் ஒருவருக்குக் கை முதலில் நீளும், இன்னொருவருக்கு வாய் முதலில் நீளும். என் கணக்கில் இதுதான் தொடரின் சிறந்த ஜோடி. லோகன் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

ஜனவரி 7, இன்னொரு வார்த்தை

நம் சீரியல்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு அட்டை போட்டு அதே புடவையில் வேறு நடிகையைக் கொண்டுவருவார்களே, அதை இங்கே செய்ததில்லை. ஆள் மாறினால் பாத்திரமும் மாறும். பெயர் வேறு, வயது வேறு, பிரச்சினை வேறு.

ஜனவரி 9

ஓர்பாக்கை எங்கிருந்து பிடித்தார்கள் என்று கேட்டவருக்கு: அதே தொடரிலிருந்து. இரண்டாவது சீசனில், 1991இல், அவர் ஒரு எபிசோடில் ஃபிராங்க் லெர்மன் என்ற குற்றவாளித் தரப்பு வக்கீலாக வந்திருக்கிறார். போலீஸுக்கு எதிர்ப்பக்கம். அடுத்த வருடம் அதே மனிதர் பேட்ஜ் மாட்டிக்கொண்டு நின்றார்.

இது இந்தத் தொழிற்சாலையின் வழக்கம். எஸ். எபாதா மெர்கர்சன் முதல் சீசனில் கைக்குழந்தையைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்த தாயாக ஒரு எபிசோடில் வந்தார். அந்த ஓலத்தைப் பார்த்தவர்கள்தான் 1993இல் அவரை லெஃப்டினன்ட் அனிட்டா வான் ப்யூரன் ஆக்கினார்கள். ஜெரமி சிஸ்டோ 17வது சீசன் கடைசி எபிசோடில் வக்கீல், 18வது சீசனில் டிடெக்டிவ் லூபோ. கிளைத் தொடரான ‘எஸ்வியூ’வில் டயான் நீல் முதலில் பாலியல் குற்றவாளியாக வந்து, பிறகு அதே நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக நின்றார். கெல்லி கிடிஷும் கெஸ்ட்டாக வந்து டிடெக்டிவ் ரோலின்ஸ் ஆனவர்.

காரணம் சிக்கனம். ஆடிஷன் அறையில் இரண்டு பக்கம் படிக்கச் சொன்னால் என்ன தெரியும்? முழு எபிசோட் ஒன்றில் நியூயார்க் குளிரில் தெருவில் நிற்க வைத்து, நடந்துகொண்டே ஒன்றரைப் பக்கச் சட்ட வசனத்தைத் தடுமாறாமல் சொல்ல வைத்துப் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். சம்பளம் கொடுத்து நடத்தும் ஆடிஷன். தவிர, படப்பிடிப்பு நியூயார்க்கிலேயே நடந்ததால் மேடை நடிகர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். ஓர்பாக் 1960இல் ‘ஃபேன்டாஸ்டிக்ஸ்’ இசை நாடகத்தின் முதல் எல் காலோ, 1975 ‘சிகாகோ’வின் முதல் பில்லி ஃப்ளின், 1969இல் டோனி விருது வாங்கியவர். பாட்டுக்காரத் தொண்டை. அதனால்தான் முணுமுணுத்தாலும் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும்.

தலைகீழ் உதாரணமும் இதே நாற்காலியில் இருக்கிறது. சொர்வினோவுக்கு ஓபரா பாட வேண்டும். குளிர்காலத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு தொண்டையைக் கெடுக்கிறது, நேரமும் மிஞ்சவில்லை. விலகிவிட்டார். ஜூண்ட்ஸா லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்துபோய்க் களைத்தவர், தன்னைச் சுற்றிக் கதை நகரும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவரும்கூட. கேஸ்டிங் என்றால் முகம் மட்டும் பார்ப்பதல்ல. ஆள் எங்கே குடியிருக்கிறார், வருடத்துக்கு இருபதுக்கு மேல் எபிசோட் தாக்குப் பிடிப்பாரா, வேறு என்ன ஆசை வைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது.

ஜனவரி 10

‘பெண்களைத் திணித்ததும் தொடர் கெட்டது’ என்று ஒருவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். தேதிகளைப் பாருங்கள். முதல் மூன்று சீசனிலும் ஆறு நாற்காலியிலும் ஆண்கள்தான், பார்ப்பவர்களும் குறைவு. 1993இல் என்பிசி ‘பெண் பாத்திரங்களைச் சேருங்கள், இல்லையென்றால் மூட வேண்டியதுதான்’ என்றது. டான் ஃப்ளோரெக்கும் ரிச்சர்ட் ப்ரூக்ஸும் வெளியேற்றப்பட்டார்கள், மெர்கர்சனும் ஜில் ஹென்னஸியும் வந்தார்கள். தொடர் பெரிதானது அதற்குப் பிறகுதான். மெர்கர்சன் 17 சீசன் இருந்தார், முதல் ஓட்டத்தில் அவரை மிஞ்சியவர் இல்லை. முதன்மை வழக்கறிஞர் ஜாக் மெக்காயாக நடித்த சாம் வாட்டர்ஸ்டன்கூட 16தான்.

வெளியே போன இருவருக்கும் அநியாயம் நடந்தது உண்மை. ஃப்ளோரெக்குக்கு 1999இல் ‘எஸ்வியூ’வில் அதே கேப்டன் க்ரேகன் வேடம் திரும்பக் கிடைத்தது. ப்ரூக்ஸின் ரோபினெட் சில தடவை எதிர்த்தரப்பு வக்கீலாக வந்து மெக்காயோடு மோதினார். அரசு வழக்கறிஞராக இருந்தபோது அவருக்கு எழுதிக்கொடுக்காத கனத்தை அந்தச் சில எபிசோடுகளில் கொடுத்தார்கள். வயிற்றெரிச்சல்.

ஜனவரி 12

சரி, கேள்வியின் நடுப்பகுதிக்கு வருவோம். ஓர்பாக்குக்குப் பிறகு என்ன கெட்டது?

2004இல் ப்ரிஸ்கோ ஓய்வு பெற்று மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகிறார், ‘ட்ரயல் பை ஜூரி’ என்ற கிளைத் தொடருக்காக. ஓர்பாக் 2004 டிசம்பர் 28இல் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தார். அதற்குள் எடுத்திருந்த முதல் இரண்டு எபிசோடில் மட்டும் இருக்கிறார். குரல் மெலிந்திருக்கும். அவரை ரசிப்பவர்கள் அதைப் பார்க்காமல் விடலாம் என்பது என் ஆலோசனை.

காலியான நாற்காலியில் டெனிஸ் ஃபரினா, ஜோ ஃபொண்டானா. பெரிய வேடிக்கை என்னவென்றால் ஃபரினா 18 வருடம் சிகாகோவில் நிஜமாகவே போலீஸ் வேலை பார்த்தவர். டிடெக்டிவாக நடித்தவர்களில் உண்மையான போலீஸ்காரரைப் பார்த்துத்தான் ‘இவர் போலீஸ் மாதிரியே இல்லை’ என்றார்கள். விலை உயர்ந்த சூட், பாக்கெட்டில் கட்டு நோட்டு, நல்ல கார். சம்பளக்காரருக்கு இதெல்லாம் எங்கிருந்து என்ற கேள்வியைக் கதை கிளப்பிவிட்டு, பதில் சொல்லாமலே விட்டது. அதுதான் பிழை என்று நினைக்கிறேன். கிளப்பியிருக்கக் கூடாது, கிளப்பினால் ஒரு எபிசோட் ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஆனால் நடிகரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. சந்தேக நபரின் தலையைக் கழிப்பறைத் தொட்டியில் அமுக்கி உண்மையை வாங்கும் இடத்தில், முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல் வெளியே வருவார். ப்ரிஸ்கோ செய்திருக்கவே மாட்டார். வேறு ஆள் என்று ஒரே காட்சியில் புரிய வைத்தது அது. பார்வையாளர்கள் துக்கத்தில் இருந்தார்கள், அந்த நேரத்தில் யார் வந்திருந்தாலும் அடிதான்.

ஜனவரி 12, தொடர்ச்சி

நிஜமாகவே தவறிய நியமனம் 17வது சீசன். க்ரீன் மூத்தவராக உயர்த்தப்பட, பக்கத்தில் நினா கஸாடியாக மிலேனா கோவிச். ஒரே சீசனில் போய்விட்டார். அவர் மோசமான நடிகை அல்ல. மூன்று சிக்கல்.

க்ரீனுக்கும் அவருக்கும் வயதில் பெரிய இடைவெளி இல்லை, இரண்டு பேருமே ‘ஓடுகிற’ நாற்காலிக்காரர்கள். அலுத்துப்போன மூத்தவர் ஒருவர் இல்லாமல் தொடக்கக் காட்சியின் ஒற்றை வரி யார் வாயிலும் ஒட்டவில்லை. இரண்டாவது, சில மாதம் முன்னால்தான் அதே டிக் வுல்ஃபின் ‘கன்விக்‌ஷன்’ தொடரில் அவரை உதவி வழக்கறிஞராக என்பிசி பார்வையாளர்கள் பார்த்திருந்தார்கள். ஒரு எபிசோட் கெஸ்ட் என்றால் மறந்துவிடும், ஒரு தொடர் முழுக்க வந்த முகம் மறக்காது. மூன்றாவது, ‘தகுதிக்கு முன் வந்துவிட்டாள்’ என்று மற்ற பாத்திரங்களையே பேச வைத்தார்கள். திரையில் உள்ளவர்களே நம்பாத ஆளை வீட்டில் இருப்பவர்கள் எப்படி நம்புவார்கள்?

அடுத்த சீசனிலேயே திருத்தினார்கள். லூபோ தன் அண்ணனின் தற்கொலையோடு கதைக்குள் வருகிறார், இரவில் சட்டம் படிக்கிறார். ஆன்டனி ஆண்டர்சனின் கெவின் பெர்னார்ட் உள்விசாரணைப் பிரிவிலிருந்து, க்ரீனையே விசாரிக்க வந்தவர். வந்த வாசலிலேயே முட்டல் தயார். 18 முதல் 20 வரை மூன்று சீசனையும் தைரியமாகப் பாருங்கள்.

ஜனவரி 13

ஃப்ரெட் தாம்ப்சன் பற்றி: 2002இல் அவர் மாவட்ட வழக்கறிஞர் ஆர்தர் பிராஞ்சாக நடிக்கச் சேர்ந்தபோது டென்னஸி மாநிலத்தின் செனட்டர் பதவியே இன்னும் முடியவில்லை. 2007இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நிற்க முயன்று, 2008 ஜனவரியில் விலகினார். எதிர் வேட்பாளர்களுக்கும் சம நேரம் கொடுக்க வேண்டும் என்ற ஒளிபரப்பு விதி இருப்பதால், அவர் வரும் பழைய எபிசோடுகளை மறுஒளிபரப்பு செய்வதை என்பிசி நிறுத்தியது. கேபிளுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. அரசியல்வாதியை நடிக்க வைத்தால் இப்படியும் ஒரு செலவு. நடிப்பு? நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே யோசிக்கிற மாதிரி. பிராஞ்சுக்கு அது பொருந்தியது.

ஜனவரி 15

பிரிட்டிஷ் தொடர்களில் எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

‘டெத் இன் பாரடைஸ்’ இதே நாற்காலி முறைதான், இன்னும் வெளிப்படையாக. 2011இல் பென் மில்லர், பிறகு கிரிஸ் மார்ஷல், ஆர்டல் ஓஹான்லன், ரால்ஃப் லிட்டில், இப்போது டான் கிலே. குவாடலூப்பில் எடுக்கிறார்கள், தீவின் பெயர் கற்பனை. வருகிறவர் ஒவ்வொருவரும் அந்த வெயிலுக்கும் கடலுக்கும் ஏதோ ஒரு விதத்தில் ஒவ்வாதவர். அந்த ஒவ்வாமைதான் நாற்காலி. கிலே அதற்கு முன்பே அங்கே கெஸ்ட்டாக வந்தவர் என்பதையும் கவனியுங்கள். ‘மிட்சமர் மர்டர்ஸ்’ இன்னும் தந்திரம். 2011இல் ஜான் நெட்டில்ஸ் விலக, அவர் நடித்த பார்னபியின் ஒன்றுவிட்ட சகோதரர் என்று இன்னொரு பார்னபி. நடித்த நீல் டட்ஜன் 2000ஆம் ஆண்டு எபிசோடில் தோட்டக்காரர். தொடரின் பெயரில் பார்னபி இல்லை, ஆனாலும் வீட்டுப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

உச்சம் ஸ்காட்லாந்தின் ‘டேகர்ட்’. டேகர்ட்டாக நடித்த மார்க் மக்மேனஸ் 1994இல் இறந்தார். டேகர்ட் இல்லாமலே ‘டேகர்ட்’ 2010 வரை ஓடியது.

மறுமுனையில் ‘கொலம்போ’. அங்கே நாற்காலியே கிடையாது, ஒரு மழைக்கோட்டும் பீட்டர் ஃபாக்கும்தான். அந்தப் பாத்திரத்தை அவருக்கு முன்பே 1960இல் டிவியில் பெர்ட் ஃப்ரீடும், 1962இல் மேடையில் தாமஸ் மிட்சலும் நடித்திருக்கிறார்கள். 1968 படத்துக்கு பிங் கிராஸ்பியைக் கேட்டு அவர் மறுத்த பிறகுதான் ஃபாக். இன்று அந்த முதல் இருவரும் வினாடி வினாக் கேள்விகள். கோட்டு ஃபாக்கின் சொந்தக் கோட்டு. கொலைகாரன் யாரென்று முதலிலேயே காட்டிவிடுவதால், பெரிய நடிகரைக் கொலைகாரராகப் போட்டாலும் ரகசியம் உடையாது. பேட்ரிக் மகூன் நான்கு தடவை கொலை செய்திருக்கிறார், நான்கும் வேறு வேறு ஆள்.

ஜனவரி 15, இரவு

அந்தக் கடைசி வரியிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பு. ‘யார் செய்தது’ வகைத் தொடரில் தெரிந்த முகம் ஒன்று சாதாரண சாட்சியாக இரண்டு நிமிடம் வந்துவிட்டுப் போனால், அவர்தான். இத்தனை சம்பளத்தை இரண்டு நிமிடத்துக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள். ‘லா அண்ட் ஆர்டர்’ இதிலிருந்து தப்புவது, இருபதாவது நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிட்டு ‘நிரூபிக்க முடியுமா’ என்று கேள்வியை மாற்றிவிடுவதால். பெரிய நடிகர் குற்றவாளி என்று தெரிந்தால்கூடப் பரவாயில்லை.

ஜனவரி 18

‘தி வயர்’ தெரியாத முகங்களாகவே எடுத்தது ஏன் என்று இரண்டு பேர். 2002 முதல் 2008 வரை, 5 சீசன், 60 எபிசோட், பால்டிமோர். யார் சாவார், யார் பிழைப்பார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது முதல் லாபம். நிஜ ஆட்களையும் உள்ளே விட்டார்கள். ஜே லேண்ட்ஸ்மன் என்பவர் அங்கே உண்மையில் கொலைப் பிரிவில் இருந்த டிடெக்டிவ். அவர் பெயரில் ஒரு சார்ஜென்ட் பாத்திரம், அதை டிலேனி வில்லியம்ஸ் நடிக்க, நிஜ லேண்ட்ஸ்மன் வந்து லெஃப்டினன்ட் மெல்லோவாக நடித்தார். தன் பெயருள்ள வேடம் தனக்கே கிடைக்கவில்லை!

அதே தொடரில் இரண்டு முக்கிய அமெரிக்கர்கள் ஆங்கிலேயர்கள். இட்ரிஸ் எல்பா லண்டன், டொமினிக் வெஸ்ட் ஷெஃபீல்ட். எல்பா தான் பிரிட்டிஷ் என்பதைத் தேர்வின்போது மறைத்துவிட்டார். வெஸ்ட் அனுப்பிய டேப்பில் எதிரே பேச ஆள் இல்லாமல், எதிராளியின் வசனத்துக்கு இடம் விட்டுத் தலையாட்டிக்கொண்டே தனியாக நடித்திருந்தார். பார்த்தவர்கள் சிரித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். கோபமாகக் கத்தும் இடங்களில் வெஸ்ட் நடித்த டிடெக்டிவ் மக்நல்டியின் உச்சரிப்பு இங்கிலாந்து பக்கம் நழுவும், இது நியாயமான புகார். எல்பாவிடம் அந்தப் புகார் கிட்டத்தட்ட இல்லை. அவருடைய ஸ்ட்ரிங்கர் பெல் அதிகம் கத்தமாட்டார் என்பதும் உதவியிருக்கும்.

ஜனவரி 19

தமிழ் வெப் தொடர்களை ஏன் விட்டுவிட்டீர்கள் என்கிறார்கள். ‘சுழல்’ முதல் சீசன் எட்டு எபிசோட், ‘விலங்கு’ ஏழு. நாற்காலி சூடாவதற்குள் முடிந்துவிடுகிறது, ஆள் மாற்றுவதற்கு இடமே இல்லை. அது வேறு பேச்சு.

ஜனவரி 22

பாத்திரத்தை வெறுப்பதும் நடிகரை வெறுப்பதும் வேறு என்று சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். இங்கே வந்த சில வரிகளைப் பார்த்தால் தேவைதான் போல. ‘பிரேக்கிங் பேட்’ ஸ்கைலராக நடித்த ஆனா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் கட்டுரையே எழுத வேண்டி வந்தது. பாத்திரத்தின் மேல் இருந்த வெறுப்பு தன் மேல் மிரட்டலாகத் திரும்பியதைச் சொன்னார். அந்த வேடத்துக்கு 2013, 2014 இரண்டு வருடமும் எம்மி வாங்கியவர். போதைப்பொருள் காய்ச்சுகிற புருஷன் வால்டரைத் தட்டிக் கேட்பவள் எப்படி வில்லியானாள்? கேமரா எப்போதும் வால்டரின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. அவனுக்குக் குறுக்கே வருகிற எல்லோரும் நமக்கும் குறுக்கே.

‘லா அண்ட் ஆர்டர்’ இளைய வழக்கறிஞர் நாற்காலிக்கும் இதே சாபம். ‘இது நியாயமா’ என்று கேட்பது வேலை, கேட்டால் ‘நொய்நொய்’ என்று பெயர். ஏஞ்சி ஹார்மன் தப்பியது, அவருடைய ஆபி கார்மைக்கேல் மெக்காயைவிடக் கடுமையானவள், ‘தூக்கில் போடலாம்’ என்கிற பக்கம். எலிசபெத் ரோம் நடித்த சதர்லின் மாட்டிக்கொண்டார். 2005இல் வேலையை விட்டு நீக்கும் காட்சியில், கடைசி நொடியில், ‘நான் லெஸ்பியன் என்பதாலா?’ என்று கேட்க வைத்தார்கள். நான்கு சீசனாக அதற்கு ஒரு குறிப்பும் இல்லை. வெளியேற்றக் காட்சிகளில் இதுதான் மிக மோசமானது. எழுத்துப் பிழைக்கு நடிகை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நல்ல வெளியேற்றம் பார்க்க வேண்டுமானால் ஆறாவது சீசன் முடிவு, ‘ஆஃப்டர்ஷாக்’. வழக்கே கிடையாது. தாங்கள் தண்டனை வாங்கிக் கொடுத்தவன் சாவதைப் பார்த்துவிட்டு நால்வரும் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். ப்ரிஸ்கோ மறுபடி குடிக்கிறார். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது ஜில் ஹென்னஸி நடித்த இளைய வழக்கறிஞர் க்ளேர் கின்கெய்ட் விபத்தில் போகிறாள். ஆறு வருடம் யார் வீட்டுக்குள்ளும் அதிகம் எட்டிப் பார்க்காத தொடர் ஒரு நாள் மட்டும் கதவைத் திறந்ததால்தான் அந்த அடி.

ஜனவரி 23

நேற்றுச் சொன்னதற்கு ஒரு துணுக்கு. ‘எஸ்வியூ’ அந்தக் கதவை மூடவே இல்லை. அதனால் அங்கே நாற்காலி போய் ஆளே தொடராகிவிட்டார். 1999 முதல் மரிஸ்கா ஹார்கிடே. 2011இல் கிறிஸ்டோபர் மெலோனி சம்பளப் பேச்சு முறிந்து போனபோது ஸ்டேப்லரை வெறும் ‘ஓய்வு பெற்றார்’ என்று ஒரு வரியில் முடித்தார்கள். ரசிகர்கள் பத்து வருடம் ஆறவில்லை, 2021இல் தனித் தொடரே கொடுத்துக் கூட்டி வந்தார்கள். ஆள்தான் தொடர் என்றால் கேள்வி கேட்டவர் சொன்னது சரி. தாய்த் தொடருக்கு அது பொருந்தாது.

ஜனவரி 26

2022 புது ஓட்டம் பற்றிச் சுருக்கமாக. ஜெஃப்ரி டொனவன், கேம்ரின் மேன்ஹைம், ஹ்யூ டான்சி என்று ஆரம்பித்தார்கள். பெர்னார்ட் ஒரு சீசனோடு போய் மெஹ்காட் ப்ரூக்ஸ் வந்தார், டொனவனுக்குப் பதில் ரீட் ஸ்காட், மேன்ஹைமுக்குப் பதில் மாரா டியர்னி. மாவட்ட வழக்கறிஞராக உயர்ந்திருந்த மெக்காய் 2024 பிப்ரவரியில் பதவி விலகினார், அவர் இடத்தில் டோனி கோல்ட்வின். மெக்காய் கடைசி எபிசோடில் தானே கோர்ட்டில் வாதாடுகிறார், மேயரின் மிரட்டலை மீறி. வாட்டர்ஸ்டனுக்கு அப்போது வயது 83. அந்த இறுதி வாதத்தை மட்டும் தனியாகவாவது பாருங்கள்.

புது ஓட்டத்தின் குறை எனக்குப் பட்டது: மூத்தவருக்கும் இளையவருக்கும் அரசியல் கருத்தில் மட்டும் மோதல் வைக்கிறார்கள். ப்ரிஸ்கோவும் கர்ட்டிஸும் மோதியது வாழ்ந்த விதத்தில்.

ஜனவரி 27

ப்ரிஸ்கோ ரசிகருக்காக, கேட்ட வரிசை. அறிமுகத்துக்கு மூன்றாவது சீசனில் ‘பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்’, ‘பாயின்ட் ஆஃப் வியூ’ இரண்டையும் அடுத்தடுத்து. முதலாவதில் செரெட்டா சுடப்படுகிறார், இரண்டாவதில் லென்னி உள்ளே வருகிறார், லோகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பிறகு ஐந்தாவது சீசன் கடைசி ‘ப்ரைட்’: நீதிமன்றப் படியில் லோகன் அரசியல்வாதியைக் குத்திவிட்டு ஸ்டேட்டன் ஐலண்டுக்கு மாற்றல் வாங்குவது. பிறகு ‘ஆஃப்டர்ஷாக்’. மகள் கேத்தியின் கதை எட்டாவது சீசனில். கடைசியாக 1996இன் ‘சார்ம் சிட்டி’, ப்ரிஸ்கோ ‘ஹோமிசைட்’ தொடரின் டிடெக்டிவ் மன்ச்சைச் சந்திக்கும் இரண்டு பாகக் கதையின் முதல் பாதி. மன்ச்சின் முன்னாள் மனைவி விஷயமாக இருவரும் முறைத்துக்கொள்ளும் காட்சிக்காகவே இரண்டு பாகத்தையும் பார்க்கலாம். அந்த வழக்கின் இரண்டாம் பாதி ‘ஹோமிசைட்’ நான்காவது சீசனில், ‘ஃபார் காட் அண்ட் கன்ட்ரி’ என்ற எபிசோடில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு ‘முடிவே இல்லையே’ என்று இங்கே வந்து திட்ட வேண்டாம்.